சொல்லாமல் கூடப் போவது

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து மகள் இனியா இன்று பள்ளிக்குப் போனாள். போனவள் சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை ஓடிக் கொடுத்துவிட்டு வந்தேன். பாதி வழியில் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம் வந்தது. அணைத்துத்தான் இருந்தேன். எப்போதும் அணைத்துத்தான் இருக்கிறேன். சந்தேகம் மட்டும் போவதில்லை.

பதினோரு மணிக்குக் கோகிலா அக்கா ஃபோன். அவருடைய ஹேச்சரி பல்லடம் சாலையில் இருக்கிறது, முட்டையை எந்திரத்தில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் இடம். முட்டைகள் இருக்கும் செட்டர்களில் சூடு எல்லை மீறினால் சைரன் ஊத வேண்டும். அந்தப் புரோகிராமைப் போன ஜூனில் எழுதிக் கொடுத்தது நான். ‘காவல்’ என்று பெயர் வைத்தேன்.

“சுகந்தி, பேட்டரி மாத்தறக்கு ஆள் வந்திருக்கான். உன்ற கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்தோணுங்கறான். நிறுத்தலாமா கண்ணு?”

“நிறுத்துங்கக்கா. கரண்ட் வந்ததும் அது தானா எந்திரிச்சுக்கும்.”

மதியம் இங்கிருந்தே உள்ளே நுழைந்து பார்த்தேன். எந்திரித்து ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மாதத்தில் அதை நிறுத்தியது இதுதான் முதல் முறை. நல்லவேளை, கம்ப்யூட்டர் எழும்போதே காவலும் எழும்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்.

கீழே மோட்டார் காயில் சுற்றும் கடையில் வார்னிஷ் அடித்தார்கள். மூன்று மணிக்கெல்லாம் தலைவலி.

ஜனவரி 30, வெள்ளி

அக்கா ஃபோனில் மெச்சினார். பேட்டரி மாற்றினதிலிருந்து சைரன் ஒரு தடவைகூடச் சும்மா கத்தவில்லையாம். “இப்பத்தான் ஒழுங்கா இருக்குது உன்ற மெஷினு.” கேட்க நன்றாக இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

மூன்றாம் செட்டரில் விசிறி பெல்ட் அறுந்துவிட்டது. ஹீட்டர் மட்டும் ஓடியிருக்கிறது. இன்று குஞ்சு இறக்கும் நாள். ஆபரேட்டர் மாரப்பண்ணன் உட்பட எல்லோரும் பின்கட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மூன்றரைக்கு வந்து பார்த்தபோது முள் நூற்றாறைத் தாண்டி நின்றதாம். பன்னிரண்டு நாள் முட்டை. உள்ளே உயிர் ஓடிக்கொண்டிருந்த முட்டை. நாற்பதாயிரத்துச் சொச்சம். ஒன்றும் தேறாது என்கிறார்கள்.

சைரன் கத்தவில்லை.

ஃபோனில் சொன்னபோது அக்கா அழவில்லை. உடனே இன்றைய பதிவைத் திறந்து பார்த்தேன், காலி. எல்லை மீறினால்தான் அதில் ஒரு வரி விழும். ஒரு வரிகூட இல்லை.

நான் கேட்ட முதல் கேள்வி, “சைரனை யாராச்சும் அமுக்கி வெச்சாங்களாக்கா?” என்பது.

அதை ஏன் முதலில் கேட்டேன் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

பிப்ரவரி 11, புதன்

ஹேச்சரிக்குப் போனேன். வாசலில் காலைக் கழுவி மருந்துத் தண்ணீரில் முக்கிக்கொண்டு உள்ளே போனால் அவிந்த முட்டை வாடை. சட்டையெல்லாம் அதுதான் இன்னும்.

அக்கா எதிரில் சோதனை செய்து காட்டினேன். மூன்றாம் செட்டரில் சூடு பார்க்கும் உணர்கம்பியை வெளியே இழுத்து, டீ போடும் கெட்டிலிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் பிடித்து அதில் முக்கினேன். என் லேப்டாப்பிலிருந்து உள்ளே நுழைந்து, என் கையாலேயே காவலை ஓட்டினேன். மூன்று என்ற செட்டர் எண், நூற்றிரண்டு என்ற எல்லை, அவ்வளவுதான் அதற்குச் சொல்ல வேண்டியது. சைரன் காது கிழியக் கத்தியது.

அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “அப்ப மெஷின்ல தப்பில்ல.”

எல்லோரும் மாரப்பண்ணனைப் பார்த்தார்கள். நானும்.

சைரனுக்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான். ஒருமுறை அமுக்கினால் வாய் மூடும், இன்னொரு முறை அமுக்கினால் திறக்கும். விளக்கு எதுவும் கிடையாது. செட்டர் கதவைத் திறந்தால் சூடு ஏறி இறங்கிச் சைரன் கத்தும் என்பதால், கதவைத் திறக்கும் முன் அமுக்கிவிட்டு மூடியதும் மறுபடி அமுக்குவது அங்கே வழக்கம். நேற்றுக் கூச்சலில் எலக்ட்ரீஷியன் அந்தப் பலகையையே கழற்றி மாற்றிவிட்டார். பொத்தான் எந்த நிலையில் இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

“காத்தால ட்ராலி பாக்கறக்குக் கதவத் தொறந்தனுங்க,” என்றார் மாரப்பண்ணன். “அமுக்கியிருப்பேன். திருப்பி அமுக்குனனான்னு... கை தானா போறதுங்களா, ஞாபகம் இருக்கறதில்லீங்.”

பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறார். வீடும் அந்த வளாகத்துக்குள்தான். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் அக்கா. கத்தவில்லை, திட்டவில்லை, சும்மா சொன்னார்.

வரும் வழியில் முருங்கைக்கீரை வாங்கினேன். ஆய்ந்து வைக்க மனமில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

வீட்டில் சோதனைக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் காவலைப் பத்து முறை ஓட்டினேன். பத்து முறையும் கத்தியது. என்னிடம் தப்பில்லை.

பிப்ரவரி 14, சனி

காலையில் வீட்டுக்காரர் திருமூர்த்தியை ரேஷன் கடைக்கு அனுப்பினேன். மில்லில் வாரவிடுமுறை மாறிவிட்டதால் இன்று வீட்டில் இருந்தார். துவரம் பருப்பு, பாமாயில், சர்க்கரை என்று மூன்றையும் சொல்லி அனுப்பினேன். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு வெறும் பையோடு வந்தார்.

“கார்டு இல்லைன்னுட்டான்.”

“கார்டு உங்க பாக்கெட்டுலதான இருக்கும்?”

“அது மில்லுக்குப் போற சட்டை. இன்னைக்கு லீவுன்னு டீசர்ட்டுல போனேன். நீ பருப்பு சொன்ன, எண்ணெய் சொன்ன, சக்கரை சொன்ன. கார்டை எடுங்கன்னு சொன்னியா?”

“என்னைக்கு சொல்லியிருக்கேன்? சட்டையிலயே கிடக்கும்ல.”

“அதான் சொல்றேன். என்னைக்கும் சட்டையோட வந்துரும். இன்னைக்குச் சட்டை வரல.”

சிரித்தேன். கரண்டியைக் கழுவப் போனேன். குழாயைத் திறந்தபடியே நின்றுவிட்டேன். தொட்டி வழிந்த சத்தம் கேட்டு அவர் வந்து மூடினார்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல,” என்றேன்.

ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இதை விளக்கமாக எழுதி வைக்கிறேன். இனியா பெரியவளாகி எப்போதாவது படித்தால் புரியட்டும். எனக்கும் எழுதினால்தான் புரியும் போலிருக்கிறது.

சி மொழியில் எழுதிய புரோகிராமுக்கு வெளியிலிருந்து சேதி இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, வாயால் சொல்லி அனுப்புவது. ‘காவல் 3 102’ என்று அடித்தால் அந்த மூன்று சொல்லும் ஒரு பட்டியலாக அதன் கைக்குப் போகும். முதலில் அதனுடைய பெயர், பிறகு நான் சொன்ன இரண்டும். எண்ணாக அல்ல, எழுத்தாகத்தான் போகும், நாம்தான் உள்ளே எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். மொத்தம் எத்தனை சொல் என்ற கணக்கும் கூடவே போகும். பருப்பு, எண்ணெய், சர்க்கரை.

இன்னொன்று, சொல்லாமல் கூடப் போவது. யார் அதை ஓட்டுகிறார்களோ அவர்களுடைய சட்டைப் பையில் இருப்பதெல்லாம், ஓட்டப்படும் புரோகிராமுக்கும் ஒரு நகலாகப் போகும். ‘பெயர்=மதிப்பு’ என்று வரிசையாக. சூழல் மாறிகள் என்று பாடத்தில் படித்தோம். புரோகிராம் பிறக்கும்போது ஒருமுறை கொடுப்பதுதான். பிறகு ஓட்டியவர் தன் பையில் எதைப் போட்டாலும் எடுத்தாலும் இதற்குத் தெரியாது. இது தன்னுடையதை மாற்றினாலும் அவருக்குத் தெரியாது. வேண்டும்போது புரோகிராம் getenv என்று கேட்டுப் பார்க்கும். இருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் வெறுங்கை. அந்த வெறுங்கையை என்ன செய்வது என்பது எழுதியவள் பொறுப்பு.

காவலை நான் முதலில் எழுதியது ஊட்டியில் ஒரு காளான் பண்ணைக்கு. அங்கே எல்லாம் செல்சியஸ். ஹேச்சரியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஃபாரன்ஹீட்டில்தான் பேசுவார்கள். நூறு நல்லது, நூற்றிரண்டு ஆபத்து. அதற்காக ALAVU என்று ஒரு சூழல் மாறி வைத்தேன். ALAVU=F என்று இருந்தால் ஃபாரன்ஹீட். எதுவும் இல்லையென்றால் பேசாமல் செல்சியஸ்.

ஜூனில் அந்த வரியை எங்கே எழுதினேன் என்று நேற்று மதியம் தேடினேன். என் சொந்த லாகின் கோப்பில் இருந்தது. நான் உள்ளே நுழைந்தால் மட்டும் படிக்கப்படும் கோப்பு. என் சட்டைப் பை.

ஜூனில் காவலை ஓட்டியது என் கை. ஏழு மாதம் அது என் பையோடு ஓடியது. ஜனவரி 19 அன்று பேட்டரி மாற்றியபோது நின்றது. மறுபடி எழுப்பியது நான் இல்லை, கம்ப்யூட்டர். அதன் பையில் ALAVU கிடையாது.

ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் புரோகிராமும் பிறக்கும்போது என்ன வாங்கிக்கொண்டு வந்தது என்பதை லினக்ஸ் ஒரு கோப்பாகக் காட்டும். /proc என்ற இடத்தில், அதனதன் எண்ணுக்குக் கீழே. இன்று காலை ஹேச்சரி கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்த்தேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாலைந்து பெயர்கள். மூன்று முறை படித்தேன். ALAVU இல்லை.

நூற்றிரண்டு டிகிரி செல்சியஸ். கொதிக்கிற தண்ணீரில் முக்கினாலும் அது கத்தாது.

புதன்கிழமை சோதனையில் கத்தியது, என் லாகினில் நான் ஓட்டியதால். வீட்டில் பத்து முறை கத்தியதும் அப்படித்தான். பொத்தான் சைரனைத்தான் மூடும், பதிவை மூடாது; அன்று பதிவு காலியாக இருந்ததைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை.

பகலுக்கு ரசமும் அப்பளமும் மட்டும் செய்தேன். இனியா கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன்.

பிப்ரவரி 16, திங்கள்

காலை முழுவதும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் பெயரை எடுப்பதும் வைப்பதுமாக.

நினைத்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை இப்போதைக்கு வேறு யாரும் படிக்கப் போவதில்லை. கம்ப்யூட்டர் எழும்போது படிக்கும் வரியில் ALAVU=F என்று ஒரு சொல் சேர்க்க வேண்டியது, காவலை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டியது. இங்கே உட்கார்ந்தபடியே ஒரு நிமிட வேலை. அதோடு பழைய காவல் செத்துப்போகும். அது என்ன வாங்கிக்கொண்டு பிறந்தது என்பதும் கூடவே போய்விடும். இனி ஒரு முட்டைக்கும் ஆபத்து வராது. யாருக்கும் எதுவும் தெரியாது. பல்லடத்திலும் உடுமலையிலுமாக எனக்கு வேலை தருவது ஆறு ஹேச்சரி. எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம். ஒன்றில் பெயர் கெட்டால் ஆறிலும் கெடும்.

வரியைச் சேர்த்தேன். நிறுத்தி எழுப்பவில்லை. விரல் போகவில்லை.

மூன்றாம் செட்டர் காலியாகத்தான் கிடக்கிறது. மற்ற இரண்டிலும் முட்டை இருக்கிறது. அவற்றுக்கும் சைரன் கத்தாது. அக்காவைக் கூப்பிட்டு, மணிக்கு ஒருமுறை முள்ளைப் பார்க்க ஆள் போடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்றேன்.

நாலு மணிக்கு மாரப்பண்ணன் ஃபோன்.

“அம்மிணி, தொந்தரவு பண்றனுங்களா?”

“சொல்லுங்கண்ணா.”

“லெட்டர் எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. நாந்தான் அமுக்கி வெச்சுப்போட்டு மறந்துட்டேன்னு. யோசிச்சுப் பாத்தனுங்க, அமுக்குனது ஞாபகம் வந்துருச்சு. எடது கையில ட்ராலி, வலது கையில அமுக்குனேன். திருப்பி அமுக்கல. அதான் நடந்திருக்கோணும். அந்தப் பொத்தானுக்கு இங்கிலீசுல என்னமோ பேரு சொல்லுவீங்களே. லெட்டர்ல சரியா இருக்கோணும்ல?”

“சைலன்ஸ் பட்டன்,” என்றேன்.

“எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க.”

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். நன்றிங் அம்மிணி என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளை பதினோரு மணிக்குப் புது முட்டை ஏற்றுகிறார்களாம். அதற்கு முன் எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் ஒருமுறை நிறுத்திப் போடுவார் என்று அக்கா சொன்னார். “உன்ற கம்ப்யூட்டரையும்தான். சரிதானே?”

“சரிங்கக்கா.”

இட்லிக்கு ஊறப்போட்டேன். அடுப்பை நாலு முறை பார்த்தேன்.

பிப்ரவரி 18, புதன்

ஏழரைக்கே கிளம்பிவிட்டேன். திருமூர்த்தியிடம் நேற்றே எல்லாம் சொல்லிவிட்டேன். “அந்த ஆளு வீட்டுச் சாமானையெல்லாம் எங்க கொண்டுபோய்ப் போடுவாரு?” என்று மட்டும் கேட்டார். அது போதுமாக இருந்தது.

எட்டே முக்காலுக்கு ஹேச்சரி. எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே கம்ப்யூட்டர் அறையில் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றிருந்தார். “தொடாதீங்க” என்று சொன்ன சொல் கத்தலாகத்தான் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவையும் மாரப்பண்ணனையும் மூன்றாம் செட்டர் அருகே கூப்பிட்டேன். லேப்டாப்பை மூடியே வைத்திருந்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. டம்ளரில் ஊற்றினேன், ஆவி பறந்தது. உணர்கம்பியை உள்ளே விட்டேன்.

“மாரப்பண்ணா, பட்டன் எப்படி இருக்குன்னு பாருங்க. அமுங்கியிருக்கா?”

அவர் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார். “இல்லீங். வெளிய நிக்குது.”

காத்திருந்தோம். ஒரு நிமிடம். இரண்டு. பின்கட்டில் குஞ்சுகளின் சத்தம் மட்டும் கேட்டது. சைரன் சும்மா இருந்தது.

“ஏன் கத்தல?” என்றார் அக்கா.

“இது என்னைக்கும் கத்தாதுங்கக்கா. பேட்டரி மாத்துன நாள்லேருந்து கத்தாது.” கம்பியை டம்ளரிலேயே விட்டுவைத்தேன். “போன புதன்கிழமை கத்துனது நான் ஓட்டுன வேற ஒண்ணு. அதுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் இதுக்குத் தெரியாது. சொல்லி வெச்சிருக்க வேண்டியது நான். சொல்லல.”

அப்புறம்தான் லேப்டாப்பைத் திறந்தேன். அந்தக் கோப்பைக் காட்டினேன், இல்லாத பெயரைக் காட்டினேன். அக்காவுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. டம்ளரை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தார். வெந்நீரைப் புரிந்துகொள்ளக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டியதில்லை.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“ஞாயித்துக்கிழமை.”

“இன்னைக்குப் புதன்.”

“ஆமாங்கக்கா.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை எழுதிய வரியோடு காவலை நிறுத்தி எழுப்பினேன். என் கையால் அல்ல, கம்ப்யூட்டர் எழுப்புகிற வழியிலேயே. ஐந்து நொடி ஆகியிருக்காது. சைரன் அலறியது. எலக்ட்ரீஷியன் காதைப் பொத்தினார். அக்கா ஓரடி பின்வாங்கினார்.

மாரப்பண்ணன் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். வலது கை தானாக எழும்பிப் பாதி வழியில் நின்றது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சைரன் கத்திக்கொண்டே இருந்தது. அவர் அசையவில்லை. கடைசியில் நான்தான் போய் அமுக்கினேன்.

சத்தம் நின்ற பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப நான் அமுக்கலீங்களா?”

“அமுக்கியிருந்தாலும் இல்லைன்னாலும் ஒண்ணுதாங்ண்ணா. அன்னைக்கு இது கத்தவே இல்ல.”

“எனக்கு ஞாபகம் வந்துச்சே அம்மிணி. எடது கையில ட்ராலி...”

“இல்லண்ணா.”

அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுததைப் பார்க்க முடியாமல் நான் கெட்டிலைக் கழுவப் போனேன்.

பிப்ரவரி 19, வியாழன்

காவலைத் திருத்தினேன். அளவை இனி சட்டைப் பையில் தேடாது. ‘காவல் 3 102 F’ என்று வாயால் சொன்னால்தான் எழும். சொல்லாவிட்டால் எழவே எழாது, ஏன் எழவில்லை என்று கத்திவிட்டுச் சாகும். ஆறு ஹேச்சரியிலும் மாற்றியாகிவிட்டது. என் லாகின் கோப்பிலிருந்தும் அந்த வரியை அழித்தேன்.

மாரப்பண்ணன் வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம் அக்கா. என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு என் இடத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாக எலக்ட்ரீஷியன் மூலம் காதுக்கு வந்தது. இருக்கலாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

மாரப்பண்ணன் ஃபோன் செய்தார். அவர் எழுதின லெட்டரை அக்கா கிழித்துப் போட்டுவிட்டாராம். ஆனால் வேலைக்காரர்கள் எல்லோரும் அதைப் படித்திருக்கிறார்களாம். “நீங்க ஒண்ணு எழுதிக் குடுப்பீங்களா அம்மிணி? சும்மா ரெண்டு வரி. நோட்டீசு பலகையில ஒட்டிக்கறேன்.”

எழுதினேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். செல்சியஸ், ஃபாரன்ஹீட், சூழல் மாறி என்று நீண்டுகொண்டே போனது. நாலாவது தாளில் அவர் கேட்ட இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொரியரில் அனுப்பினேன்.

‘பிப்ரவரி 10 அன்று சைரன் கத்தாதது என் புரோகிராமில் நான் செய்த தப்பு. சைலன்ஸ் பட்டனுக்கும் மாரப்பனுக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.’